வராத கப்பலின் கூலி: இந்தியாவில் பெட்ரோல் விலை உருவான வரலாறு

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஆளுங்கட்சி உலகச் சந்தையைக் கைகாட்டுவதும், எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைக் கைகாட்டுவதும், ஆட்சி மாறியவுடன் இரு தரப்பும் வசனங்களைப் பரிமாறிக்கொள்வதும் இந்திய அரசியலில் அரை நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கமாகும். இந்த வழக்கு தீர்ப்பில்லாமல் நீள்வதற்குக் காரணம், உலகச் சந்தை ஒருபுறமும் உள்நாட்டு அரசியல் மறுபுறமுமாகத் தனித்தனியே நிற்பதாக இரு தரப்பும் எடுத்துக்கொள்வதுதான். இந்தியாவின் பெட்ரோல் விலையை ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் சென்று பார்த்தால், ‘உலக விலை’ என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் தாளில் எழுதப்பட்ட ஒரு சூத்திரமாகவே இருந்திருக்கிறது என்பதும், அந்தச் சூத்திரத்தை எழுதும் கை யாருடையது என்பதே அந்தந்தக் காலத்தின் அரசியலாக இருந்திருக்கிறது என்பதும் தெரியவரும்.

மண்ணெண்ணெய்க்குத் தமிழில் வழங்கிய ‘சீமெண்ணெய்’ என்ற பெயரிலேயே அது கப்பலில் வந்த சரக்கு என்ற குறிப்பு உண்டு. மோட்டார் வாகனங்கள் பெருகும் வரை எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இந்தியாவில் முதன்மைச் சரக்கு விளக்கெரிக்கும் இந்த மண்ணெண்ணெய்தான். 1927 இல் நியூயார்க் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி சோவியத் எண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்கத் தொடங்கியபோது, புரட்சிக்குப் பின் ரஷ்யாவில் தன் எண்ணெய்க் கிணறுகளைப் பறிகொடுத்திருந்த ராயல் டச்சு ஷெல் குழுமத்தின் தலைவர் ஹென்றி டிடெர்டிங் அதைத் திருட்டுச் சரக்கு என்று சாடி, இந்தியச் சந்தையில் விலையை வெட்டிப் போரைத் தொடங்கினார். அந்தப் போர் விரைவிலேயே மற்ற நாட்டுச் சந்தைகளுக்கும் பரவி எல்லாக் கம்பெனிகளின் லாபத்தையும் அரித்தது. விளைவாக 1928 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் அக்னகாரி கோட்டையில் டிடெர்டிங், நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலின் வால்டர் டீகிள், ஆங்கிலோ பெர்ஷியன் கம்பெனியின் ஜான் காட்மன் ஆகியோர் கூடி, அவரவர் கையிலுள்ள சந்தைப் பங்கு அப்படியே நீடிக்கட்டும் என்று உடன்பாடு செய்துகொண்டனர். அதே ஆண்டில் பர்மா ஆயில் கம்பெனியும் ஷெல்லும் இந்திய விற்பனையை ஒன்றாக்கி ‘பர்மா ஷெல்’ நிறுவனத்தை உருவாக்கின. தடையற்ற போட்டி என்ற பொருளில் உலகச் சந்தை இந்திய நுகர்வோருக்குக் கிடைத்தது ஏறத்தாழ அந்த ஓராண்டு மட்டுமே என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

அக்காலத்தில் நிலைபெற்ற விலை முறைக்கு ‘வளைகுடாக் கூட்டல்’ என்று பெயர். இங்கு வளைகுடா என்பது பாரசீக வளைகுடாவைக் குறிக்காது. அமெரிக்காவின் டெக்சாஸ் கரையை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவைக் குறிக்கும். உலகின் எந்த மூலையில் எண்ணெய் விற்கப்பட்டாலும் டெக்சாஸ் துறைமுக விலையோடு, அங்கிருந்து விற்பனை நடக்கும் இடம் வரையிலான கப்பல் கூலியையும் கூட்டி விலை வைப்பதே இம்முறை. ஈரானின் அபாதான் ஆலையிலிருந்து அரபிக் கடலைக் கடந்து சில நாள்களில் பம்பாய்க்கு வந்துசேர்ந்த பெட்ரோலும், ரங்கூனுக்கு அருகிலுள்ள சிரியம் ஆலையிலிருந்து வங்கக் கடலைத் தாண்டிச் சென்னைக்கு வந்த பெட்ரோலும், அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் சுற்றி வந்ததுபோன்ற கணக்கில் விலை பெற்றன. வராத கப்பலுக்குக் கொடுக்கப்பட்ட இந்தக் கூலியே விற்ற கம்பெனியின் உபரி லாபம். இரண்டாம் உலகப் போரின்போது தங்கள் கடற்படைக்கு எரிபொருள் வாங்கிய அரசுகளே இந்தக் கணக்கைக் கேள்வி கேட்ட பிறகு, பாரசீக வளைகுடாவும் விலைக்கான இரண்டாவது அடிப்படைத் துறைமுகமாக ஏற்கப்பட்டது. பொதுமக்கள் கொடுத்தபோது எழாத கேள்வி, கடற்படை கொடுக்கவேண்டி வந்தபோது எழுந்தது.

விலையின் மறு பாதியான வரியும் பலர் எண்ணுவதைவிடப் பழையது. முதல் உலகப் போரின் நடுவே, 1917 இல், மோட்டார் ஸ்பிரிட் என்று சட்ட ஏடுகளில் குறிக்கப்பட்ட பெட்ரோலின் மீது கலால் வரி, அதாவது உற்பத்தியாகும் பொருளின் மீது மத்திய அரசு விதிக்கும் வரி, முதன்முதலாக வந்தது. 1929 இல் ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி காலன் ஒன்றுக்கு 2 அணா கூடுதலாக விதிக்கப்பட்டு, அந்தத் தொகை சாலைகளுக்கான மத்திய நிதியாக ஒதுக்கப்பட்டது. இன்று பெட்ரோலில் பெருந்தொகையாக வசூலாகும் சாலைத் தீர்வைக்கு இந்த 2 அணாவே மூதாதை. அடுத்த சண்டை மாகாணங்களுக்கும் மத்திய அரசுக்கும் இடையே மூண்டது. மத்திய மாகாண அரசு 1938 இல் பெட்ரோல் சில்லறை விற்பனை மீது 5 விழுக்காடு வரி விதித்தபோது, அது கலால் வரியே, ஆகையால் தன் அதிகாரத்தில் கைவைப்பது என்று டெல்லி வாதிட்டது. அந்த விவகாரம், அப்போது புதிதாக அமைந்திருந்த கூட்டாட்சி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு அனுப்பப்பட்டது. தலைமை நீதிபதி மாரிஸ் குவையரின் அமர்வு மாகாணத்தின் பக்கம் நின்றது. அதையடுத்து 1939 இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவையும் மோட்டார் ஸ்பிரிட் விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. ஒரே பொருளின் மீது இரண்டு அரசுகள் இரண்டு பெயரில் வரி வசூலிக்கும் ஏற்பாடு அன்று சட்டப்படி உறுதியாயிற்று.

விடுதலைக்குப் பின்னரும் விலைச் சூத்திரம் கம்பெனிகளின் கையிலேயே இருந்தது. 1951 முதல் 1953 வரை ஸ்டான்வாக், பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகிய மூன்றோடும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி டிராம்பேயிலும் விசாகப்பட்டினத்திலும் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. கச்சா எண்ணெயை எங்கிருந்து வாங்குவது என்பது கம்பெனிகளின் விருப்பம். விற்கும் விலையோ இறக்குமதிச் சமநிலை விலை. இந்தச் சொல்லுக்குப் பொருள், உள்ளூர் ஆலையில் சுத்திகரித்த பெட்ரோலையும், வெளிநாட்டிலிருந்து பெட்ரோலாகவே இறக்கினால் என்ன விலை ஆகுமோ அந்த விலைக்கு விற்பது என்பதாகும். 1960 இல் சோவியத் ஒன்றியம் குறைந்த விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது, அதைத் தங்கள் ஆலைகளில் சுத்திகரிக்க மூன்று கம்பெனிகளும் மறுத்துவிட்டன. ஆயினும் அதை ஒரு பேரமாகப் பயன்படுத்திய எண்ணெய் அமைச்சர் கேசவ தேவ் மாளவியா, அதுவரை அசையாதிருந்த கச்சா எண்ணெய் விலையில் தள்ளுபடி பெற்றார். அதாவது உலக விலை என்று சொல்லப்பட்டது, வேறு கடைக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றவுடன் இறங்கியது. இலங்கையில் இதே போக்கு இன்னும் தூரம் சென்றது. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 1961 இல் இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, சோவியத் எண்ணெயை இறக்கி, மேலைக் கம்பெனிகளின் விற்பனை நிலையங்களையும் கையகப்படுத்தியது. இழப்பீடு தரப்படவில்லை என்று கூறி 1963 இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது.

இந்தியா மெதுவான வழியைத் தேர்ந்தெடுத்தது. தாம்ளே குழு, தாலுக்தார் குழு, சாந்திலால் ஷா குழு என 1960களில் அடுத்தடுத்து அமைந்த விசாரணைக் குழுக்கள் கம்பெனிகளின் கணக்கேடுகளைப் புரட்டி விலையைச் சிறிது சிறிதாகச் செதுக்கின. அதே காலத்தில் அரசின் இந்தியன் ஆயில் வளர்ந்தது. வடசென்னையின் மணலியில் ஈரானியத் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் அமெரிக்காவின் அமோகோவும் பங்கேற்ற 25 லட்சம் டன் திறனுள்ள ஆலை 1969 இல் இயங்கத் தொடங்கியது. 1974 க்கும் 1977 க்கும் இடையில் எஸ்ஸோ (முந்தைய ஸ்டான்வாக்), பர்மா ஷெல், கால்டெக்ஸ் மூன்றும் நாட்டுடைமையாகி, இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்ற பெயர்களில் மறுபிறவி எடுத்தன. விலைச் சூத்திரத்தை எழுதும் கை அப்போதுதான் மாறியது.

மாறிய தருணம் கொந்தளிப்பானது. 1973 அக்டோபரில் பீப்பாய் ஒன்று 3 டாலரை ஒட்டி இருந்த கச்சா எண்ணெய், 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. 1973 நவம்பரில் ஜனசங்கத்தின் அடல் பிஹாரி வாஜ்பாய் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். பிற்காலத்தில் கட்சி பேதமில்லாமல் தலைவர்கள் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் ஏறிப் படமெடுத்துக்கொண்ட சடங்குக்கு அதுவே முன்மாதிரி. அரசு எடுத்த நீண்டகால முடிவு வேறு. கிருஷ்ணசுவாமி குழுவின் 1976 ஆம் ஆண்டு அறிக்கையின் வழியே ‘நிர்வகிக்கப்பட்ட விலை முறை’ உருவானது. இதன்படி ஆலைக்கு அதன் செலவோடு, அதன் சொந்த முதலுக்கு 12 விழுக்காடு ஆதாயமும் உறுதி செய்யப்பட்டது. நுகர்வோர் தரும் விலையை அமைச்சரவை தனியே தீர்மானித்தது. இரண்டுக்கும் இடையிலான மிச்சமும் பற்றாக்குறையும் ‘எண்ணெய்த் தொகுப்புக் கணக்கு’ என்ற பொதுப் பெட்டியில் விழுந்தன. கார் வைத்திருப்பவரின் பெட்ரோலில் கூடுதலாக வாங்கி, குடிசை விளக்கின் மண்ணெண்ணெய்க்கும் அடுப்பின் எரிவாயுவுக்கும் ஈடுகட்டுவதே பெட்டியின் தத்துவம். அந்தக் காலத்தில் விலை ‘இன்று நள்ளிரவு முதல்’ ஏறும். செய்தி மாலையிலேயே கசிந்தால் பெட்ரோல் பங்க் வாசலில் ஸ்கூட்டர்களின் வரிசை தெருமுனை வரை நீளும்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது. ஆனால் நுகர்வோர் தரும் காசு எங்கே போகிறது என்பதை ஓரளவு நேர்மையாகச் சொன்ன ஒரே ஏற்பாடும் இதுதான். அதன் பலவீனம் விலையை உயர்த்தும் நாளைத் தள்ளிப்போடும் ஆசையில் இருந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது பெட்ரோலியப் பொருள்களின் மீது 25 விழுக்காடு வளைகுடாக் கூடுதல் கட்டணம் விதிக்கவேண்டி வந்தது. அந்நியச் செலாவணி அப்போதும் போதவில்லை. பின்வந்த கூட்டணி அரசுகள் உயர்வைத் தள்ளிப்போட்டதால், 1997 வாக்கில் தொகுப்புக் கணக்கு பல ஆயிரம் கோடி ரூபாய்க் கடனில் மூழ்கியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் முறையைப் படிப்படியாகக் கலைக்க முடிவாகி, 2002 ஏப்ரல் 1 அன்று அது முடிவுக்கு வந்தது.

முடிவு தாளில் மட்டுமே என்பது விரைவில் தெரிந்தது. கச்சா எண்ணெய் ஏறத் தொடங்கியதும் அரசு மீண்டும் விலையைப் பிடித்து நிறுத்தியது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது, அரசுக் கம்பெனிகளின் ‘குறை வசூலை’ ஈடுகட்ட எண்ணெய்ப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. 2005 முதல் 2010 வரை இவ்வாறு 1.3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் வரும் தலைமுறையின் தலையில் ஏற்றப்பட்டது. பத்திரம் பெறாத ரிலையன்ஸ் தன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்க்குகளை மூடியது. ஆனால் குறை வசூல் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். ஆலையின் உண்மைச் செலவுக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டை அது குறிக்கவில்லை. இறக்குமதிச் சமநிலையை அடிப்படையாகக் கொண்ட விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டையே குறித்தது. 2006 இல் ரங்கராஜன் குழு அதைச் சற்றுத் திருத்தி, இறக்குமதிச் சமநிலை 80 பங்கும் ஏற்றுமதிச் சமநிலை 20 பங்கும் கலந்த ‘வணிகச் சமநிலை விலை’யைப் பரிந்துரைத்தது. இந்தியா பெட்ரோலை ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்ட பின்னும், மணலியில் சுத்திகரித்துத் திருவொற்றியூரில் நிரப்பப்படும் ஒரு லிட்டரின் அடக்க விலையில் வளைகுடாவிலிருந்து வரும் கப்பல் கூலி, காப்பீடு, சுங்க வரி, துறைமுகக் கட்டணம் ஆகியவற்றின் சாயல் இருந்தது. டெக்சாஸ் கப்பல் பாரசீகக் கரைக்கு மாறியிருந்ததே தவிர, அது இன்னும் வராத கப்பல்தான்.

2010 ஜூனில் பெட்ரோலும் 2014 அக்டோபரில் டீசலும் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் காலை 6 மணிக்கு விலை நாள்தோறும் மாறும் முறை வந்தது. சந்தை ஏறினால் காசுக்கணக்கில் ஏறும், இறங்கினால் காசுக்கணக்கில் இறங்கும் என்பதே வாக்குறுதி. ஏறுவது நடந்தது. இறங்குவதற்கு முன்னே வரி வந்து நின்றது. 2014 நடுவில் 110 டாலரை ஒட்டியிருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே சரிந்தபோது, அந்த இடைவெளியில் கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டு, லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்தது 21 ரூபாய் 48 காசாயிற்று.

இதன் உச்சத்தைக் காட்டும் ஆவணம், இந்தியன் ஆயில் வெளியிடும் விலைப் பிரிப்புப் பட்டியல். கொரோனா ஊரடங்கில் உலகம் அடங்கிக் கிடந்த 2020 ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலருக்குச் சற்றுக் கீழே இருந்தது. அடுத்த மாதம் கலால் வரி பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரே நாளில் உயர்ந்தது. அம்மாதப் பட்டியலின்படி டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல், போக்குவரத்துச் செலவு உட்பட, டீலருக்குக் கொடுக்கப்பட்ட விலை 18 ரூபாய் 28 காசு. அதன் மேல் கலால் வரி 32 ரூபாய் 98 காசு, டீலர் கமிஷன் 3 ரூபாய் 56 காசு, மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி 16 ரூபாய் 44 காசு. நுகர்வோர் கொடுத்தது 71 ரூபாய் 26 காசு. உலகச் சந்தை கேட்டதைப் போல ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கை இரண்டு அரசுகள் சேர்ந்து கேட்டன என்பதை இந்த நான்கு வரிகளை விடத் தெளிவாக எந்தக் கட்டுரையாலும் சொல்ல முடியாது.

1938 ஆம் ஆண்டின் சண்டையும் புது வடிவில் திரும்பியது. கலால் வரியின் அடிப்படைப் பகுதியை மட்டுமே மத்திய அரசு மாநிலங்களோடு பகிரவேண்டும். தீர்வை, மிகுவரி என்ற பெயர்களில் வசூலாவது பகிர்வுக்கு வராது. 2021 இல் பெட்ரோல் மீதான 32 ரூபாய் 90 காசில் அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது அதில் 41 விழுக்காடு. தமிழ்நாட்டின் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் இதை விடாமல் சுட்டிக்காட்டிவந்தார். அவரது 2021 ஆகஸ்ட் வரவுசெலவுத் திட்டம் மாநில வரியைக் குறைத்து லிட்டருக்கு 3 ரூபாய் இறக்கியது. அப்போதும் தமிழ்நாடு விழுக்காட்டு வரியோடு, லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகையையும் சேர்த்தே வசூலித்தது. உலக விலை எவ்வளவு சரிந்தாலும் மாநிலத்தின் பங்கு கரையாமலிருக்க அந்த ஏற்பாடு உதவுகிறது. இந்த விஷயத்தில் டெல்லியும் சென்னையும் ஒரே பள்ளியில் படித்தவை.

நாள்தோறும் மாறவேண்டிய விலை எப்போது மாறாமலிருந்தது என்ற பட்டியல் இன்னும் சுவையானது. 2018 ஏப்ரல் 24 முதல் கர்நாடகத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு மறுநாள் வரை விலை அசையவில்லை. அதன் பிறகு நாள் தவறாமல் ஏறியது. 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் 22 வரை, உத்தரப் பிரதேசத் தேர்தலை நடுவில் வைத்து, 137 நாள்கள் ஒரே விலை. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டிய வாரங்களும் அவற்றுள் அடக்கம். பிறகு பதினாறு நாள்களில் பதினான்கு உயர்வுகள், மொத்தம் 10 ரூபாய். விலையைக் கம்பெனிகளே தீர்மானிக்கின்றன என்பது அரசின் நிலைப்பாடு. கம்பெனிகளிடமும் தேர்தல் ஆணையத்தின் நாள்காட்டி ஒன்று இருந்திருக்கவேண்டும்.

எனினும் அரசியலால் எதையும் செய்துவிட முடியும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியா வெளியிலிருந்து வாங்குகிறது. பில்லை டாலரில் கட்டியாகவேண்டும். இலங்கையில் 2018 இல் கொண்டுவந்த மாதாந்திர விலைச் சூத்திரம் அடுத்த ஆட்சி மாற்றத்தோடு கைவிடப்பட்டது. டாலர் கையிருப்பு வற்றிய 2022 இல், அவ்வாண்டுத் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த 92 ஆக்டேன் பெட்ரோல் ஜூன் இறுதியில் 470 ரூபாயாயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை என்பதை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நாள்கணக்கில் வரிசையில் நின்ற வாகனங்கள் காட்டின. சந்தை கேட்கும் பணத்தை அரசு தள்ளிப்போடலாம், யார் தலையில் கட்டுவது என்று தீர்மானிக்கலாம், கையில் டாலர் இருக்கும் வரை.

2022 மே 22 அன்று கலால் வரி 8 ரூபாய் குறைந்தபோது சென்னையில் பெட்ரோல் விலை 102 ரூபாய் 63 காசில் வந்து நின்றது. அந்த எண் பங்க் பலகைகளில் ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் மாறாமல் இருந்தது. அதற்குள் கச்சா எண்ணெய் 120 டாலரைத் தொட்டு 75 டாலர் வரை இறங்கியது. தள்ளுபடியில் கிடைத்த ரஷ்ய எண்ணெய் இந்திய இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மூன்று அரசுக் கம்பெனிகளும் முதலில் நட்டமடைந்து, பின்னர் 2023-24 இல் ஏறத்தாழ 81,000 கோடி ரூபாய் லாபம் ஈட்டின. 2024 மார்ச் 15 அன்று நாடெங்கும் விலை ஏறத்தாழ 2 ரூபாய் குறைந்து, சென்னைப் பலகைகளில் எண் 100 ரூபாய் 75 காசாக மாறியது. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதிகள் வெளியாயின. 2025 ஏப்ரல் 8 அன்று, கச்சா எண்ணெய் சரிந்துகொண்டிருந்த வாரத்தில், கலால் வரி லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தப்பட்டது. அன்று காலை 6 மணிக்குப் பலகைகளில் அதன் தடம் எதுவும் தெரியவில்லை.